என் பெயரில் ஆடியவன்

எங்கள் பிளாக் கால்பந்து அணியில் இதுவரை ஆடியவர்களிலேயே மிகச் சிறந்தவன் நான்தான் என்று போன மாசம் வாட்ஸப்பில் ஓட்டெடுத்து முடிவு செய்தார்கள். இரண்டாவதாக வந்த கோல்கீப்பர் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இதில் ஒரே ஒரு சிக்கல்தான். அந்த அணிக்கு நான் ஆடியது மொத்தம் இரண்டே ஆட்டம். இரண்டிலும் தோற்றோம். இரண்டாவதில் என் இடது முழங்கால் போனது, போனது போனதுதான்.

மற்ற ஆட்டங்களையெல்லாம் என் பெயரில் வேறொருவன் ஆடினான்.

எங்கள் சுரங்க டவுன்ஷிப்பில் அப்போது பிளாக்குக்கு ஒரு டீம் இருந்தது. ஸ்போர்ட்ஸ் கிளப் ஒன்று வருஷா வருஷம் பிளாக்குகளுக்குள் போட்டி நடத்தும். விதி ஒன்றுதான் கறார்: அந்த பிளாக்கில் கம்பெனி குவார்ட்டர்ஸ் வைத்திருப்பவன்தான் அந்த பிளாக்குக்கு ஆடலாம். லிஸ்டில் பெயரும் குவார்ட்டர்ஸ் நம்பரும் இருக்கும், போட்டோ இருக்காது. ஆட்டத்துக்கு முன்னால் ஒவ்வொருவரும் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட வேண்டும். பெயரும் நம்பரும் கையெழுத்தும் சரியாக இருந்தால் ஆளும் சரி. இப்படி ஒரு விதியைப் போட்டவர்கள் நம்மூர் ஆட்களை அறியாதவர்கள்.

ஓட்டெடுப்புக்கு முன்பு அந்த வாட்ஸப் குழுவில் நடந்த சண்டையைச் சொல்ல வேண்டும். பழைய ஆட்டக்காரர்கள், வேலியோரம் நின்று பார்த்தவர்கள், அவர்களுடைய மச்சான்கள் என்று ஒரு கூட்டம். பாதிப் பேர் ரிடையராகி கோயம்புத்தூர், மதுரை என்று சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். என்னைப் போன்றவர்கள் டவுன்ஷிப்பை விட்டு நகர மனசில்லாமல் முத்தாண்டிக்குப்பம் பக்கம் ஒரு வீட்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எல்லோருக்கும் சர்க்கரை, பிரஷர், நிறைய நேரம். யார் பெரிய ஆட்டக்காரன் என்று ஒருவன் கேட்டு வைத்தான். அவ்வளவுதான்.

கோல்கீப்பர் என்று ஒருவன் எழுதினால், "நீ கேன்டீன்ல போண்டா தின்னுகிட்டிருந்த ஆளு, நீ ஆட்டத்தப் பத்திப் பேசறியா" என்று இன்னொருவன். பேரனின் பிறந்தநாள் படத்துக்குக் கீழே போய் ஒருவர் இன்னொருவரைத் திட்டினார். ஒரு மனுஷன் மூன்று முறை குழுவை விட்டு வெளியேறி, மூன்று முறையும் தானே கேட்டு உள்ளே வந்தார். நாற்பது வருஷம் ஒரே ஷிப்டில் ஒன்றாகச் சோறு தின்றவர்கள்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் என் பெயர் வந்தது. "அந்த இடது காலை மறந்துட்டீங்களாய்யா" என்று ஒருவர் எழுதினார். உடனே ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். கார்னரிலிருந்து நேராக உள்ளே வளைத்தது, இரண்டு பேரை ஒரே திருப்பலில் உட்கார வைத்தது, மழையில் வழுக்காமல் ஓடியது. எல்லாம் என் பெயரைப் போட்டு. என் இடது காலைப் புகழ்ந்து முப்பது நாற்பது செய்தி. நான் அந்தக் காலை ஸ்டூலில் நீட்டி வைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டே படித்தேன்.

எழுதியவர்களில் பாதிப் பேருக்கு உண்மை தெரியாது. மைதானத்தில் கத்திய பெயரை மட்டும் நினைவு வைத்திருந்தார்கள். மீதிப் பேருக்கு நன்றாகத் தெரியும். அவர்களும் என் பெயரைத்தான் எழுதினார்கள், அவனை நினைத்துக்கொண்டு.

நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன்.

என் மனைவி என் தோளுக்குப் பின்னாலிருந்து அதைப் பார்த்துவிட்டாள். அவளுக்கு எல்லாம் தெரியும். "யாருக்கோ வந்த மாலைக்கு நீங்க கழுத்த நீட்டுறீங்க. வெக்கமா இல்ல?" என்றாள். டிவி சத்தத்தைக் கூட்டினேன்.

என் பெயரில் ஆடியவன் கம்மாபுரம் பக்கத்துக்காரன். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. சாப்பாட்டு நேரத்தில் பூட்ஸோடு, சாக்குத் துணியைச் சுருட்டிக் கட்டிய பந்தை அவன் உதைத்ததை எங்கள் கேப்டன் பார்த்தார். அந்த வருஷம்தான் என் முழங்கால் போயிருந்தது. லிஸ்டில் என் பெயர் இருந்தது, களத்தில் ஆள் இல்லை. இவனிடம் கால் இருந்தது, குவார்ட்டர்ஸ் இல்லை. கேப்டன் கோயம்புத்தூர்க்காரர், கணக்குப் போடுவதில் கெட்டி. "உம்பேரு சும்மாதானப்பா கெடக்குது, அவன் போட்டுக்கட்டும்" என்றார், பழைய சட்டையைக் கேட்பதுபோல. நானும் சட்டையைக் கொடுப்பதுபோலத்தான் கொடுத்தேன்.

அன்று சாயங்காலம் மைதானத்தில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் ஒரு நோட்டை வைத்து அவனுக்கு என் கையெழுத்தைக் கற்றுக்கொடுத்தேன். கடைசி எழுத்திலிருந்து ஒரு வாலை இழுத்துக் கீழே சுழிப்பேன். அந்தச் சுழிதான் அவனுக்கு வரவில்லை. இரண்டு பக்கம் எழுதினான். மூன்றாவது பக்கத்தில் எது என்னுடையது, எது அவனுடையது என்று எனக்கே தெரியவில்லை. கேப்டன் கைதட்டினார். நான்கூடச் சிரித்தேன்.

ஆறு வருஷம் ஆடினான். யாரும் தப்பித்தவறிக்கூட அவனை அவன் பெயரால் கூப்பிடக் கூடாது என்பது கேப்டனின் உத்தரவு. பிராக்டீஸிலும் என் பெயர்தான். அதனால் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாமல் போனது. "ஏம்ப்பா", "யோவ்", "இங்க பாரு" என்று ஆனேன். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் யாரோ என் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார்கள். நானும் திரும்பினேன், பத்தடி தள்ளி நின்ற அவனும் திரும்பினான். கூப்பிட்டவர் அவனிடம் போய்க் கைகொடுத்தார். அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

எங்கள் பிளாக் மூன்று முறை கப் வாங்கியது அவனால்தான். இதில் விவாதத்துக்கு இடமே கிடையாது. கோல்கீப்பர் நல்ல கோல்கீப்பர், ஒரு ஃபைனலில் பெனால்டியைத் தடுத்தார், சரி. ஆனால் அவன் ஆடும்போது பந்து எங்கள் பாதிக்கு வந்தால்தானே கோல்கீப்பருக்கு வேலை. எதிர் டீம்காரன் இரண்டு மூன்று பேரை அவன் மேல் ஒட்டவைப்பான். அவன் அந்த இரண்டு மூன்று பேரையும் இழுத்துக்கொண்டு ஓரத்துக்குப் போய், காலியான நடுவில் பந்தைத் தள்ளிவிடுவான். கோல் அடித்தவனுக்குத்தான் கைதட்டு. அவன் குனிந்து சாக்ஸை இழுத்துவிட்டுக்கொண்டிருப்பான்.

மூன்றாவது கப் வாங்கிய அன்று சிறந்த ஆட்டக்காரர் என்று என் பெயரை மைக்கில் சொன்னார்கள். பரிசு கொடுக்க வந்த பெரிய ஆபீசர் ஆட்டம் முடிந்த பிறகுதான் வந்திருந்தார். தோற்ற டீம் கோபித்துக்கொண்டு அதற்குள் போய்விட்டது. போட்டோ எடுப்பார்கள், போட்டோவில் இவன் இருந்தால் வம்பு என்று கேப்டனுக்குப் பயம். டென்ட்டுக்குப் பின்னால் இழுத்துப் போய் அவன் பனியனைக் கழற்றச் சொல்லி என்னிடம் கொடுத்தார். நான் போட்டுக்கொண்டேன். அவன் வேர்வை ஈரமாக என் முதுகில் ஒட்டியது. நொண்டிக்கொண்டே போய், சிறந்த ஆட்டக்காரருக்கான கப்பை வாங்கினேன். "ஆட்டத்துல அடிபட்டுடுச்சா?" என்று ஆபீசர் அக்கறையாகக் கேட்டார். ஆமாம் சார் என்றேன்.

அந்தக் கப்தான் என் வீட்டு ஷோகேஸில் நடுத்தட்டில் இருக்கிறது. என் மகள் கல்யாணமாகிப் போகும்வரை அதைத் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

இது மட்டும் என்றால் ஏதோ வயசுக் கோளாறு, நாலு பேர் சேர்ந்து செய்த திருட்டுத்தனம் என்று சிரித்துவிட்டுப் போகலாம். பிறகு நடந்ததற்குச் சிரிக்க முடியாது.

அடுத்த வருஷம் வெளியூரில் ஓர் ஆபீஸ் டீமுக்கு ஆள் எடுத்தார்கள். விளையாட்டுக் கோட்டா, பர்மனென்ட் வேலை. அவன் போய் ஆடிக் காட்டினான். பார்த்தவர்களுக்குப் பிடித்துவிட்டது. போட்டிகளில் ஆடியதற்கு சர்ட்டிபிகேட் கேட்டார்கள். ஆறு வருஷத்து சர்ட்டிபிகேட்டும் என் பெயரில் இருந்தது. அந்தப் பெயரில் ஆடியது இவன்தான் என்று பெயருக்குச் சொந்தக்காரர் ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பரிசீலிக்கிறோம் என்று அங்கே ஒரு நல்ல மனுஷர் சொல்லியிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சைக்கிளில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தான். எதிர் டீம்காரன் யாராவது சந்தேகப்பட்டுக் கேட்டால் சொல்வதற்காக எங்கள் வீட்டு நம்பர், தெரு, வாசல் வேப்பமரம் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஆனால் அன்றுதான் முதல் தடவையாக வீட்டையே பார்த்தான். கேட்டுக்கு வெளியே நின்றான். நான் கேட்டுக்கு உள்ளே நின்றேன். உள்ளே வா என்று நான் சொல்லவில்லை.

"ஒரே ஒரு லெட்டருங்க. நீங்க எழுதி குடுத்தா எனக்கு வேலை ஆவும்" என்றான். ஒரு சீட்டை நீட்டினான். அதில் அவன் பெயர், அப்பா பெயர், ஊர், எல்லாம் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ஆறு வருஷத்தில் அவன் முழுப்பெயரை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

"கேப்டன்கிட்டப் பேசிட்டுச் சொல்றேம்ப்பா" என்றேன். என் மனைவி ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கேட்டுக்கு மேலாக நீட்டினாள். குடித்துவிட்டுப் போனான்.

கேப்டனிடம் சொன்னேன். "எழுதிக் குடுத்தீன்னா மூணு கப்பும் போச்சு. டீமே ஃபிராடுன்னு ஆகிப்போகும். உனக்கு ப்ரமோஷன் வர்ற நேரம், பாத்துக்கப்பா" என்றார். அது போதுமாக இருந்தது எனக்கு. உண்மையில் அதைச் சொல்லட்டும் என்றுதான் அவரிடம் போனேன். நான் எழுதவில்லை. அவன் மறுபடி வரவில்லை. அந்த வேலைக்கு வேறு யாரோ போனார்கள். அவன் ஆட்டத்தையும் விட்டான். சீட்டைக் கிழிக்கக் கை வரவில்லை. கப்புக்குள் போட்டேன்.

அதற்குப் பிறகும் இத்தனை வருஷம் ஒரே மைன்ஸில்தான் இருந்தோம். ஷிப்ட் மாறும் நேரத்தில் கேட்டருகே எதிரெதிரே வருவோம். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமல் போவான். நான் செருப்பு வாரைச் சரிசெய்வேன். நான் ப்ரமோஷன் வாங்கி, ரிடையராகி, பென்ஷனில் வீடு கட்டினேன். அவன் கான்ட்ராக்ட்டிலேயே இருந்தான்.

ஓட்டெடுப்பு முடிந்த மறுநாள் கேப்டன் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துப் பக்கத்து ஹாலில் எல்லோரும் கூடுகிறோம், பொன்னாடை, ஷீல்டு, சாப்பாடு என்றார்.

"நான் உண்மையச் சொல்லப் போறேன்" என்றேன்.

"எந்த உண்மை?"

"உங்களுக்குத் தெரிஞ்ச உண்மைதான்."

"இத்தன வருசங் கழிச்சு என்னப்பா உனக்குத் திடீர்னு? மேடைல வந்து சால்வைய வாங்கிட்டு நாலு நல்ல வார்த்த பேசிட்டு உக்காரு. உன்னைய எவன் ஆடிக் காட்டச் சொன்னான்?"

போனை வைத்துவிட்டேன். எனக்குத் திடீரென்று நேர்மை பொங்கிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த நாற்பது செய்திகளையும் நான் தினமும் படித்துக்கொண்டிருந்தேன். படிக்கப் படிக்கப் பொறாமையாக இருந்தது. என் பெயருக்கு வந்த புகழ் மேல் எனக்கே பொறாமை. அது என்னை அரித்தது. யாருக்கும் கிடைக்காமல் போனாலும் போகட்டும், எனக்கு வேண்டாம் என்று ஆனது. அவ்வளவுதான் என் யோக்கியதை.

ஹாலில் அறுபது எழுபது பேர் இருந்திருப்பார்கள். என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மைக்கைப் பிடித்து, எல்லாவற்றையும் சொன்னேன். நோட்டில் கையெழுத்துப் பழகியது, பனியன், கேட், லெட்டர், எதையும் விடவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "இது எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதானே. இப்ப எதுக்கு?" என்றார். தெரியாதவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர், "முப்பது வருஷமா ஏமாத்தியிருக்க, பேசறதுக்கு மைக் வேற" என்று கத்தினார். அது நியாயம்தான்.

"சரி, அப்ப அந்த ஆளுக்கே குடுப்போம்" என்று முன்வரிசையில் ஒருவர் சொன்னார்.

கேப்டன் எழுந்தார். எழுபதைத் தாண்டியும் குரல் கணீரென்று இருந்தது. "நம்ம டீமோட ஹிஸ்டரில யாரு பெரிய பிளேயர்ங்கறதுதான் கேள்வி. லிஸ்ட்டுல பேரே இல்லாதவன் எப்படிங்க ஹிஸ்டரில வருவான்? அவன் நம்ம டீம்லயே இல்லையே" என்றார்.

"அவன் ஆடலையா?" என்று கேட்டேன்.

"ரெக்கார்டுல ஆடல" என்றார்.

தலைகள் ஆடின. அவனை ஆட வைத்தவர், அவன் வாங்கிக்கொடுத்த மூன்று கப்பை மாறி மாறித் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டவர், ரெக்கார்டுல ஆடல என்கிறார். மைக் ஸ்டாண்டைத் தூக்கி அவர் மேல் போடலாம் போல ஆத்திரம் வந்தது. "ஃபிராடு" என்றேன். "நீதாண்டா ஃபிராடு" என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மைதான். பொன்னாடையைக் கோல்கீப்பருக்குப் போர்த்தினார்கள். அவர் அதை மடியில் மடித்து வைத்துக்கொண்டு தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருந்தார். நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஷோகேஸைத் திறந்து கப்பைக் கவிழ்த்தேன். சீட்டு மஞ்சளாகி விழுந்தது. அதைப் பார்த்து லெட்டரை எழுதினேன். இன்ன வருஷங்களில் என் பெயரில் ஆடியவர் இன்னார், இன்னாருடைய மகன், இன்ன ஊர். கீழே கையெழுத்துப் போட்டேன். என் மனைவி படித்துப் பார்த்தாள். "இத யாருக்குக் குடுப்பாரு அவரு, இனிமே?" என்று மட்டும் கேட்டாள். கப்பை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

ஊரில் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். முதல் ஷிப்ட் முடிந்து வந்து, வாசலில் குந்தி பூட்ஸில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்தான். முடி நரைத்திருந்தது. கால்கள் இன்னும் அதே கால்கள்தான்.

"உள்ள வாங்க" என்றான்.

முதல் வார்த்தையே அதுதான். அதை அவன் வேண்டுமென்றே சொன்னானா, வழக்கமாக யாருக்கும் சொல்வதா என்று தெரியவில்லை. எனக்கு அறைந்த மாதிரி இருந்தது. உள்ளே போய் அவன் காட்டிய பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்தேன். கப்பை எடுத்துத் தரையில் வைத்தேன். அவன் அதைப் பார்க்கவில்லை. லெட்டரை நீட்டினேன். ஹாலில் நடந்ததையும் சொன்னேன். நின்றபடியே இரண்டு தடவை படித்தான்.

"பேரெல்லாம் கரெக்டா எழுதியிருக்கீங்க" என்றான்.

"நீ குடுத்த சீட்டு வச்சிருந்தேன்."

"வெச்சிகினு இருந்தீங்களா?" என்று கேட்டான். அதைவிடத் திட்டியிருக்கலாம். "எனக்கு உங்க மேல கோவம் போவாதுங்க. இன்னைக்கு வந்து நின்னுட்டீங்கன்னு போயிடாது. ஆனா லெட்டரு குடுக்கலன்னு இல்ல அந்தக் கோவம்."

"வேற என்ன?"

"ஆறு வருஷம் உங்க கையெழுத்த போட்டவன் நானு. உங்கள வுட எனக்கு நல்லா வரும். நானே ஒரு லெட்டரு எழுதி, அடியில உங்க கையெழுத்த போட்டு எடுத்துகினு போயிருந்தா எவனுக்குத் தெரியும்? வேலை கெடச்சிருக்கும். விளையாட்டுக்குப் போட்டது வேற, வேலைக்குப் போடக் கூடாது, கேட்டு வாங்கணும்னு உங்க வூட்டாண்ட வந்து நின்னன். நீங்க கேட்டுக்கு உள்ளாறயே நின்னீங்க. வந்திருக்கவே கூடாதுங்க."

அவன் என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். லெட்டரைத் திருப்பிச் சுவரில் வைத்து, பின்பக்கத்தில் ஒரே இழுப்பில் என் கையெழுத்தைப் போட்டான். வாலை இழுத்துக் கீழே சுழித்தான். லெட்டரையும் பேனாவையும் என் கையில் கொடுத்துவிட்டு, கப்பைப் பைக்குள் போட்டு அதையும் கொடுத்தான். பிறகு வாசலுக்குப் போய் மறுபடி பூட்ஸைச் சுரண்ட ஆரம்பித்தான்.

வண்டியில் உட்கார்ந்து தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம் நான் போட்ட கையெழுத்து நடுங்கியிருந்தது, சுழி சரியாக விழவில்லை. பின்பக்கத்தில் இருந்ததுதான் என்னுடையது.